இடப்பக்கம் என் பேர்

1991இல் அப்பா வாங்கிய முதல் லாரி, ஓசூரிலிருந்து நாமக்கல்லுக்கு வெறும் சேசிஸாகத்தான் வந்தது. கேபின் கிடையாது. பலகையில் ஒரு சீட்டு, அதில் தலையையும் மூக்கையும் துண்டால் சுற்றிக்கொண்ட டிரைவர். இறங்கியபோது கண் மட்டும்தான் ஆள் நிறத்தில் இருந்தது.

பாடி கட்ட இரண்டு மாதம் பட்டறையில் நின்றது. கேபினுக்கு என்ன மரம், பக்கப் பலகை எத்தனை அடி என்பதையெல்லாம் மேஸ்திரியிடமே விட்டுவிட்ட அப்பா, மட் ஃபிளாப்புக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, எங்கோ நிலக்கரி சுமந்து ஓய்ந்த கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டு வாங்கி வந்தார். உள்ளே அடுக்கடுக்காகக் கித்தான் துணி. சோப்புத் தண்ணீர் விட்டு விட்டு அறுத்தும் கத்தி இரண்டு முறை மழுங்கியது.

“இது வண்டிய விட அதிக நாள் இருக்குமுங்க” என்றார் மேஸ்திரி. வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்தோம்.

அடுத்தது அதில் என்ன எழுதுவது என்ற பெரிய விவாதம். அம்மா முருகன் படம் என்றாள். அப்பா கொதித்துப்போனார். “சேறு அடிக்கிற எடத்துல சாமியா?” என்று கேட்டுவிட்டு, இடப்பக்கம் மகன் பேர், வலப்பக்கம் மகள் பேர் என்று தீர்ப்புச் சொன்னார். ரப்பரில் பெயிண்ட் நிற்காது என்று பெயிண்டர் எச்சரித்தார். “அப்ப பாதிக் காசு வாங்கிக்குங்க” என்றார் அப்பா. மஞ்சள் எழுத்தில், கறுப்புக் கரை கட்டி, என் பேர் முதன்முதலாகப் பொதுவெளியில் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் எனக்குத் தனி மரியாதை.

மாட்டியதில்தான் கோளாறு. வண்டி காலியாக நிற்கும்போது தரைக்கும் ரப்பருக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, ‘அம்சமா இருக்கு’ என்று போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். தாவணகெரேயில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கின, வண்டி இறங்கியது, ரப்பர் ரோட்டைக் கூட்டிக்கொண்டே ஊர் வந்தது. தீவன மில்லில் ரிவர்ஸ் எடுத்தபோது பின்டயர் அதை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இடப்பக்க ஃபிளாப் மட்காட்டையும் கூட்டிக்கொண்டு பிய்ந்து விழுந்தது. மக்காச்சோளத் தூசியில் என் பேர் குப்புறக் கிடந்தது. தங்கை அன்று சாப்பிட்ட சாப்பாடு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அதன் பிறகு அப்பா லோடு ஏற்றி நிறுத்தித்தான் அளந்தார், ஒரு சாண் இடைவெளி விட்டு. போல்ட்டு ரப்பரை நேராகக் கடித்தால் ஓட்டை கிழியும் என்று முன்னும் பின்னும் இரும்புப் பட்டி வைத்து முடுக்கினார். ஜோடி டயர் இரண்டின் அகலத்துக்கும் ரப்பர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். இவ்வளவும் என் பேரைக் காப்பாற்ற. சேறு பற்றி அவர் யோசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அன்றைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் எதிரே வண்டி வந்தால் சில இடங்களில் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். சேறு என்பது மழைக்காலத்தில் காற்று மாதிரி, அதை யார் தனியாக யோசிப்பார்கள்?

அந்த ரோடு இப்போது 44, நான்கு வழி. 2021இல் நான் வாங்கிய பன்னிரண்டு சக்கர வண்டிக்குக் கேபின் கம்பெனியிலிருந்தே வந்துவிட்டது, மட் ஃபிளாப்பும் கூட. மெல்லிய பிளாஸ்டிக், அதில் கம்பெனி பேர். இரண்டு கோடை வெயிலில் அப்பளமாக நொறுங்கியது. முதல் எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எடுக்கும் நேரம் வந்தபோது புதிது வாங்கப் போனேன். கடைப் பையன் செல்போனிலிருந்து தலை நிமிராமல் கேட்டான்:

“எஃப்சிக்கா, ஓட்டறதுக்கா?”

இரண்டுக்கும் தனித்தனிச் சரக்கு இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விலையைக் கேட்டேன். எஃப்சிக்கே கொடு என்றேன். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளிரும் ஸ்டிக்கர்களும் ஒட்டினோம். வண்டி பாஸாகிவிட்டது. அப்பாவுக்கு மூன்று நாள் ஆன வேலை எனக்குப் பதினைந்து நிமிடம்.

அந்த ஐப்பசியில் பரமத்தி வேலூரிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை நின்றிருந்தது. ரோட்டில் பேருக்குக்கூடச் சேறு இல்லை. ஆனால் ஒரு லாரி என்னைத் தாண்டியதும் எதிரே எதுவும் தெரியவில்லை. டயரின் பள்ளங்கள் அள்ளி வீசும் தண்ணீர், டீசல் கரியும் டயர்த் தூளும் கலந்து, வெள்ளைச் சட்டையை நொடியில் சாம்பல் ஆக்கிவிட்டது. சேறாவது காய்ந்தால் உதிரும். கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். பின்சக்கரத்து ஃபிளாப்புகள் வேகத்தில் கிடைமட்டமாகக் கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, அப்பாவின் பேரில் நான் எடுத்த என் வண்டி நம்பர்.

டிரைவருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவனும் நான்தான்.

மறுவாரம் அதே கடைக்குப் போய் “ஓட்டறதுக்கு” என்றேன். கனத்த ரப்பர். லோடு ஏற்றி நிறுத்தி, ஒரு சாண் விட்டு, இரும்புப் பட்டி வைத்து முடுக்கினோம். மகளிடம், இடப்பக்கம் உன் பேர் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“சேறு அடிக்கிற எடத்துல என் பேரா? தாத்தா சாமிக்கே வேண்டாம்னாராமே” என்றாள்.

இப்போது இரண்டு பக்கமும் எழுத்தில்லாமல் கறுப்பாகவே தொங்குகிறது. பழைய கன்வேயர் பெல்ட் துண்டு எங்கள் வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடக்கிறது. அந்த லாரி போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது.