கறிவேப்பிலைக் கன்று மஞ்சளித்தல்: மூலமும் உரையும்

இந்நூல் நுதலியது யாதோ எனின், பாலிபேக்கில் முளைத்து, ஒரு சாண் வளர்ந்து, அடுத்த வாரம் நிலத்தில் வைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் மனப்பால் குடிக்கும் வேளையில் இலை மஞ்சளிக்கும் கறிவேப்பிலைக் கன்றை நுதலிற்று. எல்லை, மலாக்கா மாநிலத்தில் வடக்கே அலோர் காஜா, தெற்கே மெர்லிமாவ். கேட்போர், யாரும் இலர். பயன், ரசம்.

செடியின் வரலாற்றைச் சொல்லாமல் ஆய்வு தொடங்குவது மரபன்று. 1771இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது, தரங்கம்பாடியில் இருந்த தம் மாணவர் கோனிக்கின் பெயரை அதில் சேர்த்தார். அந்தக் கோனிக் 1779இல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் வந்து நாட்குறிப்பும் எழுதியவர். இன்று ஜாசின் பக்கம் காலை எட்டு மணிக்கு எத்தனையோ தாளிப்புக் கரண்டிகளில் அவர் பெயர் வெடிப்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இனி நூற்பா:

முதிரிலை மஞ்சளுறின் உரக்குறை என்ப;
இளந்தளிர் மஞ்சளுறின் மண்குறை என்ப;
எல்லாம் மஞ்சளுறின் ஊற்றினோர் குறையே.

இதன் பொருள்: அடியிலை முதலில் வெளிறினால் தழைச்சத்து போதவில்லை. செடி பழைய இலையிலிருந்து அதை உருவிப் புதுத்தளிருக்குக் கொடுக்கும். பெற்றவர்கள் செய்வதைத்தான் செய்கிறது. அடியிலையிலேயே நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியக் குறை. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் கீசரைட் உரத்தை எதற்குப் போட்டோம் என்று நினைத்துப் பார்க்க. இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. இரும்பு இலைவிட்டு இலை பெயராது. பழைய இலையிடம் கடன் கேட்டுப் பயனில்லை.

இரும்புக் குறைக்கு மண்ணைப் பழித்தது என்னை எனின், தோட்டத்துச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தோம். அங்கே வாசலில் கிடப்பது மண்ணன்று, வீடு கட்டியவன் விட்டுப்போன சிமெண்டும் உடைகல்லும். அதை அள்ளிப் பையில் நிரப்பினால் சுண்ணாம்பேறிக் காரமாகிவிடும்; இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது.

இங்கே மோர்க்கொள்கையர் எழுவர். "புளிச்ச மோரு ஊத்துனியா தம்பி?" என்பது அவர் வேதம். முழுப்பொய் என்று தள்ளுவதற்கில்லை. புளிப்பு, காரத்தைச் சற்றே தணித்து இரும்பை அவிழ்த்துவிடும். ஆயின் தழைச்சத்துக் குறைக்கும் மோர், வேரழுகலுக்கும் மோர் என்றால் அது மருத்துவமன்று, விருந்தோம்பல். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கும் ஆணிக்கொள்கையர் கூற்றோ பொருந்தாது. காரமண்ணில் துரு கரையாது; நட்டமாய்ப் போவது ஆணி ஒன்றே. தீட்டுக்கை பட்டது என்பாரும் உளர். அவர் பெரும்பாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றாத ஆண்கள் என்பதால் விரித்துரைக்கவில்லை.

மூன்றாம் அடியே இந்நூலின் உயிர். கன்று சற்று வெளிறியதும் வீட்டில் நால்வர் நான்கு வேளை ஊற்றுகிறார்கள். அம்மா அரிசி கழுவிய தண்ணீர், அண்ணன் குழாய்த் தண்ணீர், அத்தை மோர், மதியத்துக்கு மேல் வானம். பையின் அடியில் ஓட்டை அடைத்திருக்கும். மண்ணில் காற்று போய் வேர் கறுத்து, மேலும் கீழும் ஒருசேர மஞ்சளிக்கும். உடனே நீல உரத்தில் ஒரு கைப்பிடி. விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரை விட்டு ஈரம் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.

1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது தொட்டு நாற்றுமேடு கண்ட மாநிலம் இது. நாற்றுமேட்டில் குனிந்து காலம் கழித்த பாட்டி ஒருவரிடம் கன்றைக் காட்டினால் அவர் ஒன்றும் ஊற்றமாட்டார். பையை உயர்த்திக் கனம் பார்ப்பார், தளிரின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே சாறுண்ணிப் பூச்சி இருந்தால் தளிர் சுருண்டிருக்கும்; எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால் எலுமிச்சையைத் தின்னும் பூச்சிக்கு இதுவும் சொந்த வீடு. பிறகு, "நெழல்ல வெச்சிட்டு ஒரேயடியா வெயில்ல தள்ளிட்டியாடா?" என்பார். வெளிறி, திட்டுத்திட்டாகக் கருகியது வெயில் சுட்டது. அதற்கு உரமும் இல்லை, மோரும் இல்லை. முதலில் காலை வெயில் மட்டும் காட்டி, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சங் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, புதுத்தளிர் பச்சையாக வந்த பிறகே நிலத்தில் வைக்க. மஞ்சளித்த இலை மீண்டும் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது வீண்.

நிலத்தில் வைத்த பின்னும் இலை குறைவதுண்டு. அது மஞ்சளித்தலில் அடங்காது. வேலிக்கு அந்தப்பக்கம் கைக்கு எட்டும் கொத்து மட்டும் குறைந்திருந்தால், அண்டைவீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிக்க.