ஏழு பேர்ச்சஸில் ஓர் அருவி

தலவாக்கலையில் வீட்டுக்குப் பின்னால் செயற்கை அருவி கட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். கொஞ்சம் தள்ளிப் போனால் டெவன் அருவி 97 மீட்டரிலிருந்து சும்மா விழுகிறது. ஆனாலும் லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணிக்கு வந்தவனுக்குப் பின்பக்கம் நாலடி மிஞ்சினால் கை சும்மா இருக்குமா? வீட்டில் கறிவேப்பிலை என்றாள். நான் அருவி என்றேன்.

அருவி விழும் தொட்டிக்கு டைல்ஸ் பதிக்க பாஸைக் கூப்பிட்டேன். “சேர், தொட்டி வளைவு. பெரிய டைல் உக்காராது. ஒடச்சி ஒடச்சித்தான் ஒட்டணும். ஒடைக்கத் தனிக் கூலி” என்றார். உடைப்பதற்குக் கூலியா? எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பிள்ளைகள் காலங்காலமாக இலவசமாகச் செய்து வருகிறார்கள். நானே இறங்கினேன்.

ஹாட்வெயார் கடை மூலையில் கிடந்த மிச்சத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. பாதி நீலம், ஒன்றில் திராட்சைக் குலை, இன்னொன்றில் ஆவி பறக்கும் கோப்பிக் கோப்பை. 1869இல் இலைநோய் கண்டு, பிறகு இந்த மலையை விட்டே போன கோப்பி, எங்கள் தொட்டியில் வந்து ஒட்டிக்கொண்டது.

தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் அல்ல, அடியில் பூசும் பூச்சு. அது நன்றாகக் காய வேண்டும். ஜூன் மாதத்துத் தலவாக்கலையில் என்ன காய்ந்திருக்கிறது? சட்டையே அடுப்புக்கு மேலேதான் காய்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொழுந்தெடுக்கப் போன காலத்தில் இடுப்பில் கட்டிய படங்கைத் தந்தார். தொட்டிக்குக் கூரையாகக் கட்டினேன். தண்ணீர் நிற்பதற்கென்றே கட்டும் தொட்டியை மழையில் நனையாமல் காக்கிற ஆளைப் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே வீட்டில் சீனி தீர்ந்தது.

சீமெந்தின் சுண்ணாம்பு இறங்குமட்டும் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொட்டினேன். இல்லாவிட்டால் மீன் செத்துவிடும். நுளம்பு முட்டையிட்டால் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்பதால் கப்பி மீன் விட்டேன்.

கடைசியில் மோட்டாரைப் போட்டேன். இங்கேதான் கூத்து. 2012இல் திறந்த மேல் கொத்மலைத் திட்டம் ஆற்றை எங்கள் ஊரிலேயே மறித்து, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் கொண்டுபோய் 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது. அந்த ஆற்றின் சென்கிளேயர் அருவிக்குப் பகலில் அளந்துதான் தண்ணீர். அதாவது, பெரிய அருவியை அடக்கி எடுத்த கரண்டில் நான் சின்ன அருவி ஓட்டுகிறேன்!

கரண்ட் பில் வந்ததும் வீட்டிலும் அளவு வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் மட்டும், அதுவும் பகலில் மட்டும்.

பெரியம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. ஆயுளில் பாதியைப் பீலியடியில் வரிசையில் நின்று கழித்தவர். “வீட்டுக்குப் பின்னாலேயே பீலி கட்டிட்டீங்க தம்பி, நல்லது. அப்படியே ஓரமா தொவைக்க ஒரு கல்லும் போட்டுருங்க.”