ஓடும் வீட்டில் பாடும் ரேடியோ

கேள்வி: அமெரிக்காவில் மகன் குடும்பத்தோடு மோட்டார்ஹோமில் யூட்டா மாநிலத்தைச் சுற்றுகிறோம். ஊர் எல்லை தாண்டினாலே ரேடியோ கரகரக்கிறது. புது செட் வாங்கிவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பர்ஸைத் திறக்குமுன் கூரையைப் பாருங்கள்! பல மோட்டார்ஹோம்களின் உடம்பு ஃபைபர்கிளாஸ். காரில் இரும்புக் கூரையும் ஏரியலுக்குக் கைகொடுக்கும். இங்கே ஏரியல் தனியாக நின்று தவிக்கிறது. அதன் அடியில் ஓர் உலோகத் தகடு வைத்து, கேபிளின் வெளிப்பின்னலை அதோடு இணையுங்கள். எஃப்.எம். அலைநீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 செ.மீ. கம்பி செங்குத்தாக நிற்பது நல்லது. இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் சுரண்டிவிடுங்கள்.

அடுத்து, உள்வீட்டுப் பகை. இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் அடங்குகிறதோ, அதுதான் குற்றவாளி. அதன் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

மலை மறைத்தால் எஃப்.எம். திணறும். இரவில் ஏ.எம்.முக்கு மாறுங்கள், அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை மலையையும் தாண்டி வரும். சால்ட் லேக் சிட்டியின் கே.எஸ்.எல். நிலையம் 1160 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட் சக்தியோடு ஒலிக்கிறது.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால், 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும் வானிலை ரேடியோ வாங்குங்கள். யூட்டாவின் குறுகிய பள்ளத்தாக்குகளில் எங்கோ பெய்த மழைக்கும் திடீர் வெள்ளம் வரும். பாட்டைத் தவறவிட்டால் நாளை கேட்கலாம். வானிலை ரேடியோ தரும் வெள்ள எச்சரிக்கையைத் தவறவிடக் கூடாது.