என் சைக்கிளைக் காராக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மின்சார மலைச் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு வரி செலுத்துவோன்,
ஹெலன்ஸ்பர்க், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
மேன்மை தங்கிய அதிகாரிகள்,
கருவூலத் துறை, கான்பெரா.

பொருள்: பேரிங் மாற்றும் வசதிக்காக இரண்டு சக்கர வண்டியை நான்கு சக்கர வண்டியாகக் கருதக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புத் தகவல் பகிர்வுத் திட்டத்துக்காக முதலில் தங்களை வாயாரப் பாராட்டுகிறேன். கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குக் கொடுக்கும் தகவலைத் தெருமுனை மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் விற்க வேண்டும், மறுத்தால் ஒரு கோடி டாலர் வரை அபராதம் என்று சட்டமே போட்டுவிட்டீர்கள். 2002 ஜனவரி 1 முதல் தயாரான கார்கள் எல்லாமே இதற்குள் வருகின்றன. இருபது வயது தாண்டிய காருக்கும் மருத்துவக் குறிப்பு கிடைக்கும் நாட்டில் வாழ்வது பெருமைதான்.

ஆனால் எந்தச் சட்டத்தையும் கடைசி வரை படித்துவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு அல்லது மூன்று சக்கர வண்டிகள் இதில் சேராது என்று அங்கே எழுதியிருக்கிறது. விவசாய எந்திரமும், கனரக வாகனமும், பஸ்ஸும்கூடச் சேராது. ஆகவே என் மின்சார சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும், குழந்தைகள் ஓட்டிப் பழகும் சைக்கிளில் மாட்டுவார்களே, அந்தக் குட்டிச் சக்கரங்களை மாட்டிவிட்டேன். தங்கள் அலுவலர் யாரை அனுப்பி எண்ணிப் பார்த்தாலும் நான்குதான் வரும். காருக்கும் நான்கு, எனக்கும் நான்கு. இனி மேற்படி திட்டத்தில் என்னைச் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

‘உன் மோட்டார் வெறும் 250 வாட், மிதித்தால்தான் ஓடும், ஆகவே அது மோட்டார் வாகனமே இல்லை’ என்று தங்கள் சட்டப் பிரிவு குறிப்பு எழுதக்கூடும். விலைச்சீட்டில் அது மோட்டார், வாரண்டி அட்டையில் மோட்டார், கெட்டுப்போனால் மட்டும் மோட்டார் இல்லை என்றால், ஐயா, அதை என்ன பெயர் சொல்லித்தான் அழைப்பது?

இனி நோய் விவரம். சிட்னித் தமிழர்களுக்கு ஹெலன்ஸ்பர்க் என்றால் வெங்கடேசப் பெருமாள் கோயில்தான். 1985-இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். சனி, ஞாயிறானால் வெஸ்ட்மீட், பெண்டில் ஹில் பக்கமிருந்து கார்கள் வரிசையாக வரும். சாமி பார்த்து, கேன்டீனில் தோசை சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறவர்களுக்கு எங்கள் ஊரின் இன்னொரு முகம் தெரியாது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மழையாகக் கொட்டும் இடம் இது. காட்டுத்தடம் முழுக்கச் சேறு. (சைக்கிளுக்கு அனுமதி உள்ள தடங்களில் மட்டுமே ஓட்டுகிறேன் என்பதைக் கோப்பில் குறித்துக்கொள்ளவும்.) அந்தச் சேறுதான் பேரிங்குக்கு எமன்.

அதிர்வு தாங்க வளைந்து கொடுக்கும் பின்பக்க மூட்டுகளில் உள்ள பேரிங்குகள் முதலில் போகும். அவை முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. சில பாகைதான் முன்னும் பின்னும் அசைகின்றன. குண்டுகள் ஒரே இடத்தை இடித்துக்கொண்டே இருப்பதால் அங்கே கிரீஸ் ஒதுங்கிப்போகும், பள்ளம் விழும், தண்ணீர் புகும், துரு ஏறும். இதற்கெல்லாம் தங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். ஏனென்றால் பழைய பேரிங்கின் ரப்பர் மூடியைத் துடைத்தால் 6902 2ஆர்எஸ் என்பதுபோல ஓர் எண் தெரியும். கடைசி 02 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. சுவீடனில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும் இந்த எண்ணுக்கு அளவு ஒன்றுதான். தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடையில் எண்ணைச் சொன்னால் போதும், சைக்கிளுக்கா கன்வேயருக்கா என்றுகூடக் கேட்கமாட்டார்கள். கூண்டு இல்லாமல் முழுக்கக் குண்டு அடைத்த ரகமாகக் கேட்டு வாங்கினால் மூட்டுக்கு இன்னும் நல்லது.

மோட்டாருக்குள் இருப்பதும் இதே இனத்துப் பேரிங்தான். பெடல் அச்சின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, கிரீஸைக் கழுவிவிட்டு, ‘கரகர’ என்று சத்தம் கொடுக்க வைத்துவிட்டது. பேரிங் போயிருக்கிறது என்பதைச் சைக்கிள் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். ஆனால் பேரிங் தனியாக அவருக்கு வராதாம். மோட்டார் முழுசாகத்தான் வருமாம். இரண்டு வருட வாரண்டி முடிந்துவிட்டதால் ஆயிரம் டாலருக்கு மேல் நான்தான் கொடுக்க வேண்டுமாம். பல்வலி என்று போனவனுக்குத் தலையை மாற்றிக் கொடுக்கும் வைத்தியம் இது. சரி, நானே திறக்கிறேன் என்றால், திறந்த மோட்டாரை யாரும் தொடமாட்டார்கள் என்றார். புது மோட்டார் வாங்கினாலும் அதைப் பேட்டரியோடும் திரையோடும் அறிமுகம் செய்துவைக்க டீலரின் கணினி வேண்டும். பெண் பார்க்கும் படலம்கூட இவ்வளவு கெடுபிடியாக நடக்காது.

கம்பெனியின் பெயரை நான் சொல்லவில்லை. தாங்களும் கேட்க வேண்டாம்.

ஐயா, தங்கள் கோப்புக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. பேரிங்கும் சைக்கிளும் நேற்றுச் சேர்ந்தவை அல்ல. 1869-இல் பாரிஸில் ஜூல் சுரிரே என்பவர் சைக்கிளுக்கான பால் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு பாரிஸிலிருந்து ருவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் அந்தப் பேரிங் பூட்டிய சைக்கிளில் வென்றார். அன்றிலிருந்து என் சொந்த ஊர்ப் பக்கத்து வாடகை சைக்கிள் கடை வரை விதி ஒன்றுதான். ‘ஓவராயில்’ என்று வண்டியை விட்டால், கடைக்கார அண்ணன் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார், குண்டுகளை மண்ணெண்ணெயில் போட்டு அலசுவார், தேய்ந்ததைத் தூக்கி எறிவார், புதுசு போட்டு கிரீஸ் வைத்து மூடுவார். அவரிடம் யாருடைய அனுமதிக் கடிதமும் இல்லை, ஒரு ஸ்பேனர்தான் இருந்தது.

ஹெலன்ஸ்பர்க்கிலும் அந்தக் கைகள் உண்டு. 1880-களில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் இது. கன்வேயர் உருளையின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் சாகப்போகிறது என்று சொல்லும் ஃபிட்டர்கள் இருக்கும் ஊரில், ஒரு சைக்கிள் மோட்டாரைக் கழற்ற ஆள் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

மலை இறங்கினால் ஸ்டான்வெல் பார்க் கடற்கரை வரும். 1894 நவம்பர் 12 அன்று லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்துத் தன்னைக் கட்டிக்கொண்டு பதினாறு அடி உயரம் எழும்பியது அங்கேதான். தன் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்து மேம்படுத்தட்டும் என்று திறந்துவைத்த மனிதர். 1966 முதல் 1994 வரை 20 டாலர் நோட்டில் அவர் படத்தை அச்சடித்தோம். அந்த நோட்டு ஒன்றைக் கொடுத்தால் இன்றைக்கும் ஒரு பேரிங் வாங்கிவிடலாம், அதைப் பூட்டும் வழியைத்தான் வாங்க முடியாது.

நுகர்வோர் சட்டத்தின் 58-ஆம் பிரிவு உனக்கு இருக்கிறதே என்று தாங்கள் ஆறுதல் சொல்லலாம். உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலம் வரை கிடைக்கத் தயாரிப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. எத்தனை வருடம் என்று எண் இல்லை. கிடைக்காது என்று விற்கும்போதே எழுத்தில் தெரிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமை பற்றி உற்பத்தித்திறன் ஆணையம் 2021-இல் கொடுத்த அறிக்கையையும் படித்தேன். அங்கே டிராக்டருக்கு ஒரு பரிந்துரை கிடைத்தது. ஒருவேளை நான் சைக்கிளில் கலப்பை கட்டியிருக்க வேண்டும். ஐரோப்பாவிலோ, 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார சைக்கிளின் பேட்டரியைத் தனி மெக்கானிக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. பேட்டரிக்குப் பிறந்த விடிவுகாலம் பேரிங்குக்கு எப்போது என்று அங்கேயும் சொல்லவில்லை. இதற்கிடையில் இங்கிலாந்தில் சில பட்டறைக்காரர்கள் செத்த மோட்டார்களைப் பிளந்து, வெர்னியர் வைத்து அளந்து, தாங்களே பேரிங் தொகுப்பு தயாரித்து விற்கிறார்கள். கம்பெனி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியதை அவர்கள் பிரேதப் பரிசோதனை செய்து கண்டுபிடிக்கிறார்கள்.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது யாதெனில்:

1. திட்டத்தில் இரண்டு, மூன்று சக்கரங்களை விலக்கும் வரியை அடித்துவிடுங்கள். மிதித்து ஓடும் மின்சார சைக்கிளும் அடங்கும் என்று ஒரு வரி சேருங்கள்.
2. மோட்டாருக்குள் இருக்கும் பேரிங்கின் எண், சீலின் அளவு, கழற்றும் முறை மூன்றையும் கம்பெனி வெளியிடட்டும். ரகசிய சூத்திரம் எதையும் நான் கேட்கவில்லை.
3. உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதை விலைச்சீட்டிலேயே, விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும்.
4. வேறு கடையில் பேரிங் மாற்றிய மோட்டாரை மென்பொருள் தீண்டத்தகாததாக நடத்தக் கூடாது.

இவை எதுவும் இயலாதென்றால், என் நான்கு சக்கர வண்டிக்குப் பதிவு எண் வழங்கி உதவவும். கோயில் வாசலில் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால், சிறிய எண் பலகையாக இருந்தால் நலம்.

தங்கள் பதிலைக் கனத்த உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தே அனுப்பலாம், ஆட்சேபம் இல்லை. பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று மட்டும் மேலே எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்கு சக்கர சைக்கிள்காரன்