உள்ளூர் டைகர்

எங்கள் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் 40 வருடம் ரப்பர் மரம் சீவியவள். தோட்டத்தில் நாய் வளர்ப்பது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் வந்தால் நாயும் வரும். பசியாறும் நேரத்தில் பங்கு கேட்கும். யார் நாய் என்றால் 'லயத்து நாய்' என்பார்கள். கறுப்பாக இருந்தால் பிளாக்கி, மற்றதெல்லாம் டைகர்.

சுங்கைப் பட்டாணித் தாமானுக்கு வந்த பிறகும் பாட்டிக்கு அதே கணக்குதான். சந்தையிலிருந்து பின்னாலேயே வந்த ஒன்றுக்கு மீன்தலையும் பெயரும் வைத்துவிட்டாள். டைகர். எலி ஓடினால் என் கால்களுக்கு நடுவில் ஒளியும் டைகர்.

அது 2015. பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியிருந்தது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதன் பிழைப்பதே அபூர்வம். ஆகவே பயத்திலும் நியாயம் இருந்தது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்லவே உத்தரவு. கழுத்தில் லெசன் வில்லை இல்லாத நாய்க்கு ஆயுசு கெட்டியில்லை என்று புரிந்தது. ஊசி போட்டுவிட்டு லெசனுக்கு ஓடினேன். (ஊசி டைகருக்கு. கடி எனக்கு.)

பாரத்தில் பெயர், நிறம், இனம். இந்த நாட்டில் இனம் கேட்காத பாரம் ஏது? நான் விழித்தேன். முகப்பிலிருந்த அலுவலர் அம்மா என் கைப்பேசியில் படத்தைப் பார்த்தார். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. யோசிக்கவே இல்லை, 'தெம்பாத்தான்' என்று எழுதினார். உள்ளூர்.

வீட்டில் அதைப் படித்துக் காட்டியது என் தப்பு.

பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பிரசவம் பார்த்த கிழவிக்கு எழுதத் தெரியாது; பிறப்புப் பத்திரம் இல்லை. 1957இல் நாட்டுக்கு மெர்டேக்கா வந்தது, பாட்டியிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி தங்கிவிட்டது; குடிமக்களுக்குத்தான் நீலம். 2011இல் ஆவணமில்லாதவர்களைப் பதியும் 'மைடஃப்தார்' இயக்கம் வந்தபோதும் எழுதிப் போட்டோம். அவளுக்காகப் பாரம் நிரப்பி நிரப்பியே என் கையெழுத்து அழகானது.

"சந்தையில கெடந்த நாய் உள்ளூரு. அப்ப நான் எந்த ஊராம்?"

நான் டைகரைப் பார்த்தேன். அது சுவரைப் பார்த்தது.

"அதுக்கு என்னா கலரு குடுத்தான்?"

"வெறும் தகரம், பாட்டி."

அடுத்த பாசார் மாலாமுக்கு அவளே கிளம்பினாள். கழுத்துப்பட்டை சிவப்பு ஐந்து வெள்ளி, நீலம் ஏழு. சிவப்பில் இன்னும் ஒரு வெள்ளி குறைப்பதாகக் கடைக்காரன் சொன்னான். தேங்காய்க்கு ஐம்பது காசு பேரம் பேசும் பாட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏழு வெள்ளியை எண்ணி வைத்தாள்.

"நீலமே குடு. செவப்புதான் வீட்டுல ஒண்ணு இருக்கே."