இருமினால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்

நாஷ்வில், டென்னசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"அமெரிக்காவில் கோயிலுக்குப் போகிறாயா, இல்லை பாட்டுக் கச்சேரிதானா?" என்று போனில் கேட்டீர்கள். இந்த ஊரில் அவை இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம், சித்தப்பா.

ஊர் நடுவே ரைமன் என்று ஓர் அரங்கம். தாமஸ் ரைமன் என்ற நீராவிப் படகு முதலாளி 1885இல் சாம் ஜோன்ஸ் என்ற பிரசங்கியாரின் கூட்டத்தில் மனந்திரும்பினார். அதன் பலனாக எழுந்த சுவிசேஷக் கூடம் அது; 1892இல் கட்டி முடித்தார்கள். பிற்பாடு 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சிக்கு அதுதான் வீடு. இன்றைக்கும் மர பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அங்கே காதல் தோல்விப் பாட்டு உச்சத்துக்குப் போனபோது, கோயில் பெஞ்சைக் கண்ட பழக்கதோஷத்தில் உங்கள் மருமகன் தூங்கிவிட்டார்.

ஆனாலும் அது இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காருகிற இடம். அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். சின்ன இடங்களில் அந்த வசதி கிடையாது.

ப்ளூபேர்ட் கஃபே என்று ஒன்று. 1982இல் தொடங்கியது. வரிசைக் கடைகளுக்கு நடுவே இன்னொரு கடை. தொண்ணூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். அங்கே நடக்கும் ஒரு வகைக் கச்சேரிக்கு மேடையே இல்லை. பாட்டு எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடத்தின் நடுவில் ஒருவரையொருவர் பார்த்தபடி கிதாரோடு உட்காருவார்கள். அவர்களைச் சுற்றி நாம். கிதாரின் தலை நம் தட்டுக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும். பேசக்கூடாது என்பது சட்டம். பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். ஆனால் ஆளுக்கு இவ்வளவுக்காவது வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதும் சட்டம். உருளைக்கிழங்கு சிப்ஸைச் சத்தமில்லாமல் மெல்லும் வித்தையை நான் அங்கேதான் பயின்றேன்.

நாங்கள் போன அன்று நாலாவதாக இருந்தவர் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவரைப் போல ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர். அவர் பல்லவியைத் தொட்டதும் கூடமே மூச்சை இழுத்தது. யாரோ நட்சத்திரத்தின் பாட்டென்று எல்லோரும் நினைத்திருந்தது இவர் பெற்ற பிள்ளை! இங்கே இது வழக்கம். 1985இல் இந்த வட்டக் கச்சேரியைத் தொடங்கிய நால்வரில் டான் ஷ்லிட்ஸ் ஒருவர். கென்னி ரோஜர்ஸ் பாடி ஊரெல்லாம் பரவிய 'தி கேம்ப்ளர்' அவர் எழுதியதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையைச் சொல்வார்கள். நம் உபவாசக் கூட்டத்துச் சாட்சி மாதிரி, பாட்டைவிடக் கதை நீளம். எந்த விவாகரத்துக்கு எந்தப் பாட்டு என்கிற கணக்கு இப்போது எனக்கு மனப்பாடம்.

போன மாதம் ஒரு கிராமத்துக் கோயிலில் காஸ்பல் நால்வர் குழு பாடியது. டிக்கெட் இல்லை, 'அன்பின் காணிக்கை' மட்டும். கோழி வறுவல் வாங்கிவந்த காகித வாளியே காணிக்கைப் பை. சிரிக்காதீர்கள். 1871இல் இதே ஊரின் ஃபிஸ்க் கல்லூரி கடனில் தத்தளித்தபோது, பெரும்பாலும் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான மாணவர்கள் ஊர் ஊராகப் பாடித்தான் பணம் திரட்டினார்கள். 1873இல் விக்டோரியா மகாராணியும் அவர்கள் பாடக் கேட்டார். அந்தக் காசில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

இனிதான் உங்களுக்கான செய்தி. இந்த காஸ்பல் நால்வர் குழுவில் டெனர், லீட், பாரிட்டோன், பேஸ் என்று உண்டு. கதாநாயகன் யார் தெரியுமா? பேஸ்! மற்ற மூவரும் உச்சத்தில் நின்று கத்திக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறார். இதற்குமேல் இறங்க இடமில்லை என்று நாம் நினைக்கும்போது இன்னும் ஒரு படி. பெஞ்சு அதிர்ந்தது, முன்வரிசைப் பாட்டிமார் கைக்குட்டையை வீசினார்கள். உங்கள் மருமகன்கூட விழித்துக்கொண்டார்.

நீங்களோ நம் கொயரில் இத்தனை வருஷமாகத் தூணுக்குப் பின்னால் நின்று பேஸ் பாடுகிறீர்கள். எழுதியவரும் அடிக்குரல்காரரும் முன்னால் வர ஒரு சின்னக் கூடம் போதும் என்று இந்த ஊர் சொல்கிறது. ஆகவே அடுத்த அசனப் பண்டிகைக்குத் தூணைத் தாண்டி முன்னால் வந்து நில்லுங்கள். கொயர் மாஸ்டர் முறைத்தால், நாஷ்வில் வழக்கம் என்று சொல்லுங்கள். சித்தி முறைத்தால் மட்டும் தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
ஜெபா