நாலே நாளில் ஒரு திருத்தம்

ரேஷன் கார்டில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அரசியல் சட்டத்தைத் திருத்த நாலு நாள் போதும். 1975இல் செய்தே காட்டினார்கள்.

ஜூன் 12 அன்று, ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தி வென்றது செல்லாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். அரசு ஊழியர் ஒருவர் பதவியில் இருந்தபடியே அம்மையாருக்குத் தேர்தல் வேலை பார்த்தார். அம்மையார் பேச உ.பி. அதிகாரிகள் மேடை போட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவுதான் குற்றம். மேடைக்காகவா பதவியைப் பறிப்பது என்று அனுதாபப்பட்டவர்கள் உண்டு. பதின்மூன்றே நாளில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்.

ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு விசாரணை. அதற்குள் 39ஆவது திருத்தம் தயாராக வேண்டும்: பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது, வந்த தீர்ப்பும் செல்லாது. 7ஆம் தேதி மக்களவை. 8ஆம் தேதி மாநிலங்களவை. 9, சனிக்கிழமை, சட்டமன்றங்களைக் கூட்டிக் கைதூக்க வைத்தார்கள். 10, ஞாயிறு, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது ஒப்புதல். ஞாயிற்றுக்கிழமையும் ஃபைல் நகர்ந்த அரசாங்கம் அது!

மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பாதி மாநிலங்களின் சம்மதம், ஒரு கையெழுத்து. ஆட்சியாளரின் அவசரத்துக்குப் போட்ட கடிவாளங்கள் இவை. மூன்றும் முறைப்படி நிறைவேறின. எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் சிறையில், மிச்சமிருந்தவர்கள் மேசை தட்டினார்கள்; வெட்கமாக இல்லையா என்று கேட்கவும் அவையில் ஆளில்லை. அதே 9ஆம் தேதி மாநிலங்களவை இன்னொரு மசோதாவையும் நிறைவேற்றியது. பிரதமராக இருந்தவர்மீது ஆயுளுக்கும் கிரிமினல் வழக்கு கிடையாது, பதவிக்கு வருமுன் செய்த குற்றத்துக்கும் சேர்த்து. நல்லவேளை, அது மக்களவைக்கு வரவில்லை.

நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் வகுத்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டைச் சொல்லி, பிரதமரைக் காத்த அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஆனாலும் அம்மையார் தப்பினார். தேர்தல் சட்டத்தை முன்தேதியிட்டு மாற்றி வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு 42ஆவது திருத்தம். மக்களவையின் ஆயுள் ஐந்திலிருந்து ஆறு வருடமானது. ஓட்டுப் போட்டவர்களைக் கேட்கவில்லை. தங்களுக்குத் தாங்களே நீட்டிக்கொண்டார்கள்.

மக்கள் விருப்பத்துக்கு அரசியல் சட்டம் முட்டுக்கட்டை போடுகிறது என்று இனி எவராவது மைக் முன் பொங்கினால், கைதட்டுமுன் ஒன்று விசாரியுங்கள்: அவருடைய வழக்கு எந்தத் தேதிக்கு வருகிறது?